உயிரோடிருந்தவருக்குப் போட்ட இலை

ரங்கூனில், லான்மடாவ் பேட்டையில் எங்கள் ஐந்தாவது மாடி வீட்டில் அப்பா வானொலியைக் காதோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு காலை நேரத்தில், ஊருக்கு வெளியே தாவ்ச்சான் போர்க் கல்லறையில் நின்றுகொண்டு, அவர் செத்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று ஓர் அம்மாளிடம் சொன்னேன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. வாய் தவறி வந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாத வயது.

அதற்குச் சில வருஷங்களுக்கு முன்புவரை நான் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. எண்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு அங்கே இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான் என்றாகிவிட, வெளியே வந்துவிட்டேன். சூலே பகோடா என்கிற புத்தர் கோயில் பக்கத்தில் ஒரு சின்னப் பயண அலுவலகம். ஓரளவு இங்கிலீஷ் பேசுவேன் என்பதால் என்னை வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள். வருகிறவர்களைப் பகோடாவுக்கும் மார்க்கெட்டுக்கும் அழைத்துப்போய்க் கொண்டுவந்து விடவேண்டும். ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழ் அம்மா வந்திருக்கிறார், அவருக்குப் பகோடா வேண்டாமாம், ஜப்பான்காரன் காலத்து இடங்கள்தான் பார்க்கவேண்டுமாம், உனக்குத்தான் தமிழ் வருமே, நீ போ என்றார்.

ஓட்டல் வாசலில் நின்றவர் ஒல்லியான அம்மாள். நூல் புடவைக்குக் கீழே ஓடுகிறவர்கள் போடுகிற மாதிரி வெள்ளைச் சப்பாத்து. என்னைவிட ஐந்து வயது பெரியவர் என்று பேச்சில் தெரிந்தது. முப்பது வருஷம் ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கார் கிளம்பியதும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"எங்கப்பா துறைமுகத்துல மூட்டை தூக்கினவர். எனக்கு அஞ்சு வயசு. சாப்பாடும் சம்பளமும் தர்றாங்கன்னு லாரியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. அதோட சரி. பர்மாப் பக்கத்துக் கேம்ப்ல கடைசியாப் பாத்ததா, திரும்பி வந்த ஒருத்தர் அம்மாகிட்ட சொன்னார்."

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான்காரர்கள் காட்டுக்குள் போட்ட ரயில் பாதை அது. மலாயாவிலிருந்து வந்த நம் ஆட்களும், இங்கிருந்து பிடித்துக்கொண்டு போன ஆட்களும் அதில் செத்தார்கள். இங்கிருந்து போனவர்களை 'வேர்வைப் பட்டாளம்' என்று பர்மாக்காரர்கள் இன்னும் சொல்வார்கள். பாதை தொடங்கிய தென்பக்கத்து ஊருக்குப் போகத்தான் அந்த அம்மாள் வந்திருந்தார். வெளிநாட்டுக்காரர் என்று அனுமதி கிடைக்கவில்லை. ரங்கூனில் உள்ளதையாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார்.

ரயில் நிலையத்தைப் பார்த்தார். ஜப்பான் பட்டாளம் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். உள்ளே பிள்ளைகள் ஒரே குரலில் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். வாசற்காவலாளி உள்ளே விடவில்லை. கம்பிக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தார். தாவ்ச்சானுக்குப் போகிற வழியில்தான் அதைச் சொன்னார்.

"எங்கப்பாவைக் கொன்னது ஜப்பான்காரன் இல்லைங்க. கூட இருந்த தமிழ் மேஸ்திரின்னு அந்தத் திரும்பி வந்தவர்தான் சொன்னார். காய்ச்சல்ல கிடந்தவரை உதைச்சு எழுப்பி வேலைக்கு விரட்டினானாம். சாயங்காலம் தூக்கிக்கிட்டுத்தான் வந்தாங்களாம். அந்த ஆளு உயிரோட இருந்தா நான் ஒண்ணும் செய்யமாட்டேன். முன்னால போய் நிப்பேன், அவ்வளவுதான்."

நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். என் அப்பா அந்த ரயில் பாதையில் மேஸ்திரியாக இருந்தவர்.

வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. பன்னிரண்டு வயதில் நானாகத் தெரிந்துகொண்டேன். அப்பாவும் நானும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு கால் விந்துகிற தமிழர் உள்ளே வந்து, அப்பாவை உற்றுப் பார்த்து, "மேஸ்திரி, இன்னைக்கு யாரையெல்லாம் எழுப்பப் போறே?" என்று கேட்டுவிட்டு எங்கள் மேசைக்கு அருகில் துப்பினார். அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் கடைக்குப் போகவில்லை. அம்மாவிடம் கேட்டபோது, "உன்னையும் என்னையும் காப்பாத்தத்தான் போனார், அதைக் கிளறாதே" என்றாள். நானும் கிளறவில்லை. நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாவ்ச்சானில் புல் அவ்வளவு பச்சையாக, ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கும். நடுவில் உயரமான தூண்களில் சிப்பாய்களின் பெயர்கள். இந்தியப் பட்டாளத்துப் பெயர்களும் உண்டு. அந்த அம்மாள் ஒவ்வொரு தூணாக, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டு போனார். தோட்டக்காரரிடம், கூலியாட்களின் பெயர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். பட்டாளத்து ஆட்களுக்கு மட்டும்தான் என்றார் அவர்.

அந்த அம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், "உங்கப்பா இருக்காரா?" என்றார்.

"இல்லைங்க" என்றேன். அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தால்கூடப் போதும். "அவரும் அந்தப் பாதையிலதான் போயிட்டார். நான் கைக்குழந்தை."

பயம் ஒரு காரணம். முன்னால் போய் நிற்பேன் என்று சொன்ன பெண் எங்கள் ஐந்து மாடியையும் ஏறி வந்துவிடுவார் என்று பயந்தேன். ஆனால் பயந்தவன் "செத்துட்டார்" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். நான் அதற்கு மேலும் ஒன்றை விரும்பினேன். ஒரு மேஸ்திரியின் மகனாக இல்லாமல், அரை மணி நேரமாவது அவர் பக்கத்து ஆளாக உட்கார்ந்திருக்க விரும்பினேன். இத்தனை வருஷம் கழித்து அதை ஒளிப்பதில் பயனில்லை.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி" என்றார். அதுவரை 'நீங்க' என்று பேசியவர், அந்த நிமிஷத்திலிருந்து 'நீ' என்று பேசினார். "நீயும் நானும் ஒரே காட்டுல அப்பாவைத் தொலைச்சவங்க. உங்கப்பா பேரு என்ன?"

உண்மையான பெயரைச் சொன்னேன். பொய்ப் பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. அதைக் கைப்பையிலிருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் வீட்டுக்கு வருகிறேன், இறந்துபோன உன் அம்மாவின் படத்தையாவது பார்க்கிறேன் என்றார். வெளிநாட்டுக்காரர் வந்தால் வட்டார அலுவலகத்தில் கேள்வி கேட்பார்கள் என்றேன். அந்தக் காலத்தில் அதில் பாதி உண்மை இருந்தது. நம்பிவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பா, "இன்னைக்கு எந்த ஊரு ஆளுடா?" என்று எப்போதும் போலக் கேட்டார். "சிங்கப்பூர்க்காரங்க. சும்மா ஊர் சுத்த வந்தவங்க" என்றேன்.

அந்த அம்மாள் எனக்கு அக்கா ஆனார். வருஷத்துக்கு மூன்று நான்கு கடிதங்கள் பயண அலுவலகத்து முகவரிக்கு வரும். தைலம், முழுக்கைச் சட்டை, ஒருதடவை கைக்கடிகாரம் யார் கையிலாவது வந்து சேரும். அப்பா அந்தத் தைலத்தைத்தான் முழங்காலுக்குத் தேய்த்துக்கொண்டார். அனுப்பியது யாரென்று கேட்டபோது, கூட வேலை பார்த்தவர் என்றேன். ஆறு வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒரு கடிதத்தோடு விமானச் சீட்டு வந்தது. 'தை அமாவாசைக்கு வா. அடுத்து பிப்ரவரியில், ஜப்பான்காரன் காலத்தில் செத்தவர்களுக்காக இங்கே அஞ்சலி செய்வார்கள். இரண்டையும் சேர்ந்து பார்ப்போம். எனக்கும் வயதாகிறது.'

போகாமல் இருக்க ஒரு காரணம் தேடினேன். அப்பாதான் போ போ என்றார். "அந்த ஊர்ல ஜப்பான்காரன் இருந்த எடமெல்லாம் பத்திரமா வச்சிருக்கானாம், ரேடியோவுல சொன்னான். பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

அக்காவின் வீடு பதினோராவது மாடியில். நான் பெட்டியை வைத்துவிட்டு முகம் கழுவி வந்ததும், "வா, அப்பாக்களைக் கும்பிட்டுக்கோ" என்று சாமி அலமாரிக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். அங்கே இரண்டு சட்டங்கள். அவர் அப்பாவுக்குப் படம் கிடையாது. அதனால் ஒரு வெள்ளைத் தாளில் பெயரை எழுதிக் கண்ணாடி போட்டிருந்தார். பக்கத்துச் சட்டத்தில் என் அப்பாவின் பெயர். இரண்டுக்கும் பூ வைத்திருந்தது.

"எந்தத் தேதியில போனாங்கன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. அதனால அமாவாசைக்கு அமாவாசை ரெண்டு இலை போடறேன். ஆறு வருஷமா ஒண்ணுகூட விட்டதில்ல" என்றார்.

நான் கும்பிடாமல் சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பயணக் களைப்பு என்று நினைத்து அவர் என்னை உட்கார வைத்துக் காப்பி கலக்கப் போனார். ரங்கூனில் காலையில் எழுந்து, பல் இல்லாத வாயால் மீன் குழம்பில் ஊறிய மொஹிங்காச் சேமியாவை மெதுவாக மென்று தின்கிற மனுஷருக்கு, மாதம் தவறாமல் செத்தவர் சோறு படைக்கப்பட்டிருக்கிறது. அப்போதே சொல்லியிருக்கவேண்டும். காப்பி வந்தது. குடித்தேன்.

மறுநாள் அவர் என்னை ஊரெல்லாம் கூட்டிப்போனார். வங்கிக் கட்டடங்களுக்கு இடையில் வெயிலே தரையில் விழவில்லை. "இந்தத் தீவுல விளையறது ஒண்ணும் கிடையாது தம்பி. ஊரார் பணம் இங்க வந்து தங்கறதாலதான் நாங்க சாப்பிடறோம்" என்றார். குன்றுக்கு அடியில் வெள்ளைக்காரத் தளபதிகள் ஒளிந்திருந்த பாதாள அறைகளுக்குள் போனோம். மெழுகு பொம்மைகள் வரைபடத்தின்மேல் குனிந்து நின்றன. ஒலிபெருக்கியில் குண்டுச் சத்தம் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பூங்காவில், ஜப்பான்காரன் காலத்தில் செத்த ஜனங்களுக்காக எழுப்பிய நாலு உயரமான வெள்ளைத் தூண்கள், ஊரிலுள்ள நாலு இனத்துக்கும் ஒவ்வொன்று. அடியில் எலும்புகளைத் தாழியில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள் என்றார்.

"இதுல நம்ம ரெண்டு பேர் அப்பாவும் இல்ல" என்று ஒரு தூணில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். "இருந்தாலும் நான் இங்க வந்துதான் நிப்பேன். வேற எங்க போய் நிக்கறது?"

அங்கே அவருக்குத் தெரிந்த இருவர் வந்தார்கள். "ரங்கூன்ல இருந்து வந்த என் தம்பி. இவன் அப்பாவும் ரயில் பாதையில போனவர்" என்றார். அவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் திருப்பிக் கும்பிட்டேன்.

தை அமாவாசை அன்று விடியும்போதே சாங்கிக் கடற்கரைக்குப் போனோம். ஜப்பான்காரர்கள் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துச் சுட்ட கரை என்று அங்கே பலகை இருக்கிறது. அதே கரையில்தான் நம் ஆட்கள் காரியம் செய்கிறார்கள். ஈரத் துண்டோடு பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்னைத் தனியே அழைத்தார்.

"எங்கப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விட ஆம்பளைப் பிள்ளை இல்ல. நான் இத்தனை வருஷம் வெறும் சோறுதான் வச்சேன். நீ உங்கப்பாவுக்கு விடும்போது எங்கப்பாவுக்கும் சேத்து விடு தம்பி. இதுக்காகத்தான் உன்னை வரச் சொன்னேன்."

ஐயர் எள்ளைக் கையில் கொடுத்து, "தகப்பனார் பேரைச் சொல்லுங்கோ" என்றார்.

என்ன செய்தேன் என்று நேராகவே எழுதுகிறேன். சொன்னேன். உயிரோடிருக்கும் என் தகப்பன் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். பிறகு அவர் தகப்பன் பெயரைச் சொல்லி விட்டேன். அந்தப் பெயரைக் கேட்டதும் அக்கா அழுதார். ஐம்பது வருஷத்துக்கு மேல் அழாமல் வைத்திருந்தது என்று பிறகு சொன்னார். அவர் அப்பாவுக்குக் கிடைத்த ஒரே தண்ணீர் அது. அதைப் பொய்யன் கையால் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அன்று மத்தியானமே அவர் வீட்டுத் தொலைபேசியில் ரங்கூனுக்குப் பேசினேன். அக்கா குளித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற கடையில் சொல்லி அப்பாவை இறங்கி வரச்சொல்ல ரொம்ப நேரம் ஆனது.

"என்னடா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் அப்பா. மூச்சு வாங்கியது.

"ஒண்ணுமில்லப்பா. குரல் கேக்கணும்னு தோணிச்சு."

"இதுக்கா அஞ்சு மாடி எறங்க வச்சே?" என்று திட்டினார். அந்தத் திட்டைக் கேட்டு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலையும் என்னால் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி அஞ்சலிக்கு நான் தங்கவில்லை. அப்பாவுக்கு என்று வாயில் வந்ததை விழுங்கி, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அப்பா பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் சாய்ந்துகொண்டு, "சொல்லுடா, என்னென்ன பாத்தே?" என்று கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். தாவ்ச்சானிலிருந்து கடற்கரை வரைக்கும். இலை போட்டதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "அதான் ஆறு வருஷமா பசியே எடுக்கல" என்றார். எள்ளும் தண்ணியும் விட்டதைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"நீங்க மேஸ்திரியா இருந்தீங்களேப்பா. அவங்க அப்பாவை ஒரு மேஸ்திரிதான்..."

அவர் பாயில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீ கேப்பேன்னு இருந்தேன். உங்கம்மா போனப்ப கேப்பேன்னு நெனச்சேன். கேக்கல. வெளி ஆள் ஒருத்தி கடல் தாண்டி வந்து கேட்டிருக்கா. அவகிட்டயும் என்னை மறைச்சுட்டே" என்றார்.

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கடிதத்தை அவரே எழுதினார். நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். நாலு நாள் எழுதினார். ஒட்டுவதற்கு முன் என்னைப் படிக்கச் சொன்னார். தான் உயிரோடிருப்பதையும், மகன் சொன்னது பொய் என்பதையும் முதல் இரண்டு வரியில் எழுதிவிட்டு, மீதி எல்லாம் முகாமைப் பற்றி. ஜப்பான்காரன் காலையில் இத்தனை ஆள் வேண்டும் என்பான், குறைந்தால் மேஸ்திரிக்கு அடி விழும், அதனால் காய்ச்சல்காரர்களையும் எழுப்பினேன், சிலரைக் காலால் எழுப்பினேன் என்று எழுதியிருந்தார். கடைசியில் இப்படி: 'உங்கள் தகப்பனார் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை அம்மா. ஞாபகம் இல்லை என்பதால் நான் செய்யவில்லை என்று ஆகாது.'

நாலு மாதம் பதில் இல்லை. ஐந்தாவது மாதம், முன்னறிவிப்பில்லாமல், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அக்கா எங்கள் வாசலில் நின்றார். ஐந்து மாடி ஏறிய மூச்சோடு, "உங்க அப்பாவைப் பாக்கணுங்க" என்றார். 'நீ' போய் மறுபடி 'நீங்க' வந்திருந்தது. எனக்கு அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அப்பா எழுந்து நிற்க முயன்றார். அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டி, எதிரில் தரையில் உட்கார்ந்தார். காரில் சொன்னது போலவே, ஒன்றும் செய்யாமல், அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் பார்வையை விலக்கவில்லை.

"அங்க மழை எப்படி இருக்கும் ஐயா?" என்று அக்கா முதலில் கேட்டார்.

"இதைவிட ஜாஸ்தி. கூரையே இருக்காதும்மா" என்றார் அப்பா.

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் அக்கா.

நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன். மனைவி கதவிடுக்கு வழியாக டீயை உள்ளே கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மழையில் எதுவும் கேட்கவில்லை. ஒருதடவை அப்பா சத்தமாக அழுததுபோல் இருந்தது. எழுந்தேன். மனைவி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். மத்தியானம் தாண்டித்தான் கதவு திறந்தது. அக்கா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினார். டாக்சி வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு போனேன்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"உங்கப்பா செஞ்சதுக்கு ஜப்பான்காரன் அடி ஒரு காரணம். உங்களை யாரு அடிச்சா?" என்றார். டாக்சிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

என்ன பேசினீர்கள் என்று நான் அப்பாவிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் நன்றாகத் தூங்கினார் என்று மனைவி சொல்வாள்.

அக்கா எனக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டார். அப்பா பெயருக்கு எழுதினார், இப்போது நேராக லான்மடாவ் முகவரிக்கே. அப்பா அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். கடைசி இரண்டு வருஷம் அவருக்குக் கண் மங்கிவிட்டதால் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டவேண்டியிருந்தது. அக்கா நுணுக்கமாக எழுதுவார். முழங்கால் எப்படி இருக்கிறது, மாடிப்படி இறங்குகிறீர்களா, நீங்கள் இருந்த ஆற்றங்கரை முகாமில் எந்தப் பக்கம் புதைப்பார்கள் என்றெல்லாம் இருக்கும். என்னைப் பற்றி ஒரு வரி இருக்காது.

படித்து முடித்ததும் அப்பா கேட்பார். "உன்னை விசாரிச்சிருக்காளா?"

"விசாரிச்சிருக்காங்கப்பா" என்பேன்.